வெடித்த தூங்குமூஞ்சிப் பலகை: உடுக்கைத் துண்டு பதித்தால் நிற்குமா?

பாயான் பாரு வாசகி:

வணக்கம். பினாங்கில் பாயான் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். சாப்பாட்டு மேசை செய்யலாம் என்று ஒரே பலகையாகத் தூங்குமூஞ்சி மரம் வாங்கினேன். கடைகளில் சுவார் என்கிறார்களே, அதுதான். நீளம் 6 அடி, அகலம் 34 அங்குலம், கனம் 2 அங்குலம். இரண்டு ஓரமும் மரத்தின் இயல்பான வளைவோடு அப்படியே இருக்கிறது. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடுகிறது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நன்றாகக் காய்ந்த பலகை என்று விற்றவர் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஏர்கோன் ஓடும் ஹாலில் சுவரோரம் சாய்த்து வைத்தோம். ஒரு முனையில் மயிரிழை அளவுக்குத் தெரிந்த கீறல் இப்போது 15 அங்குலம் உள்ளே ஓடிவிட்டது. முனையில் வாய் 4 மில்லிமீட்டர் பிளந்திருக்கிறது. இரவில் டக்கென்று சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்த நாளும் உண்டு.

கீறலுக்குக் குறுக்கே உடுக்கை வடிவில் மரத்துண்டு பதித்துக் கட்டுவார்களே, அதைச் செய்ய ஆசை. எனக்குத் தெரிய வேண்டியது: அந்தத் துண்டு கீறலை இழுத்து மூடுமா, மேலே ஓடாமல் நிறுத்துமா, இல்லை வெறும் அழகுக்கா? எந்த மரத்தில் வெட்டலாம்? எவ்வளவு ஆழம்? அப்பாவிடம் உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாம் இருக்கிறது. தோட்டத்தில் இருந்த காலத்தில் கதவு, கட்டில் செய்தவர். அவர் கையால் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். இரும்புக் கால் சட்டம் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

செந்தூல் பட்டறை:

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். மாதாமாதம் இப்படிப் பலகைகள் எங்களிடம் வரும். 4 மில்லிமீட்டர் வாய் இருந்தால் எப்பாக்சி, அதாவது இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகிப்போகும் பசை, ஊற்றி நிரப்பிவிடுவதுதான் எங்கள் வழக்கம். அடிப்பக்கம் டேப் ஒட்டி அடைத்துக்கொண்டு, மெல்லிய எப்பாக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் குமிழி நிற்கும், சூடாகியும் போகும். கருப்பு நிறமி கலந்தால் தூங்குமூஞ்சியின் கருஞ்சிவப்போடு நன்றாகப் போகும். சாப்பாட்டு மேசை என்பதால் சொல்கிறேன்: திறந்த கீறலில் சோறும் ரசமும் போய்ச் சேரும், துடைத்து எடுக்க முடியாது. உடுக்கைத் துண்டு பதிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது மட்டும் போதாது.

பட்டர்வொர்த் தச்சன்:

தங்கச்சி, பட்டர்வொர்த்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய மேசை, கட்டில், அலமாரி பழுதுபார்ப்பதுதான் என் தொழில். உங்கள் கேள்விக்கு நேராக ஒரு பதில்: துண்டு கீறலை மூடாது, அங்கேயே நிறுத்தும். அதுவும் மரம் காய்ந்து அடங்கிய பிறகு பதித்தால்தான். இன்றைக்கே உளியை எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஏன் வெடித்தது என்று சொல்கிறேன். நம் ஊரில் திறந்த கொட்டகையில் அடுக்கிய மரம் எத்தனை வருடம் கிடந்தாலும் அதன் ஈரம் ஏறக்குறைய 15, 16 விழுக்காட்டில் நின்றுவிடும். சுற்றியிருக்கும் காற்றே அவ்வளவு ஈரம், அதற்குக் கீழே எப்படி இறங்கும்? அதனால் விற்றவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கொட்டகைக்குக் காய்ந்த பலகைதான். நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையிலோ மரம் 10 விழுக்காடு வரை இறங்கும். அந்த 5, 6 விழுக்காடு ஈரம் வெளியேறும்போது பலகை சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் எல்லாம். வளையத்தைச் சுற்றிய திசையில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் 34 அங்குலப் பலகைக்கு மொத்தம் 5, 6 மில்லிமீட்டர் குறையும் என்று வையுங்கள். தூங்குமூஞ்சி குறைவாகச் சுருங்குகிற மரம். வேறு சில மரமாக இருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

முனையில் ஏன் தொடங்குகிறது? நார்களின் வாய் அங்கேதான் திறந்திருக்கிறது. பக்கவாட்டைவிட அந்த வெட்டு முகத்தில் ஈரம் 10 மடங்குக்கும் மேல் வேகமாக வெளியேறும். முனை சுருங்கப் பார்க்கிறது, உள்பக்கம் இன்னும் ஈரமாக இருப்பதால் விட மறுக்கிறது. இந்த இழுபறியில் கிழிகிறது. ஆகவே இன்று இரவே செய்ய வேண்டியது: இரண்டு வெட்டு முகத்திலும் மெழுகோ பழைய பெயிண்டோ கனமாகப் பூசிவிடுங்கள். பலகையை ஹாலிலிருந்து எடுத்து ஏர்கோன் இல்லாத அறையில் வையுங்கள். சாய்த்து வைக்காமல், கீழே சமமான சட்டங்கள் போட்டுப் படுக்கவைத்து, அடியிலும் மேலும் காற்று ஓட விடுங்கள். கொஞ்ச நாள் கழித்து ஏர்கோனை ஓரிரு மணி நேரம் போட்டுப் பழக்கி, பிறகு ஹாலுக்குக் கொண்டுவரலாம். படுக்கவைக்கும்போது அடியில் மெல்லிய மாவுத் தூள் கொட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மரத்தின் வெளிர்நிற ஓரத்தில் வண்டு பிடிக்கும். இருந்தால் போராக்ஸ் மருந்து பூசி அதை முதலில் ஒழிக்க வேண்டும்.

சரி, துண்டுக்கு வருகிறேன்.

நார் திசைதான் உயிர். உடுக்கைத் துண்டில் நார், உடுக்கையின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு ஓட வேண்டும், அதாவது கீறலுக்குக் குறுக்கே. பலகையின் நாருக்கு இணையாக வெட்டினால் முதல் இழுப்பிலேயே துண்டு இடுப்பில் ஒடிந்துவிடும். அப்படி வெட்டிய கடை மேசைகளைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒவ்வொரு துண்டின் இடுப்பிலும் புதுக் கீறல் ஓடியிருக்கும்.

அளவு: உங்கள் 2 அங்குலக் கனத்துக்கு ஆழம் 20 முதல் 25 மில்லிமீட்டர். கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அது வெறும் ஒட்டு வேலை, பிடி இருக்காது. நீளம் 120 மில்லிமீட்டர், முனை அகலம் 55, இடுப்பு 28 என்று ஒன்றை வெட்டுங்கள். இடுப்பை இதைவிட மெலிதாக்க வேண்டாம். இடுப்பிலிருந்து விரிகிற சிறகை அதிகம் விரித்தால் அதன் கூர் மூலையில் நார் குட்டையாகி, அடிக்கும்போதே உதிரும்.

15 அங்குலக் கீறலுக்கு மூன்று போதும். முனையிலிருந்து 3 அங்குலம் விட்டுப் பெரியது. முனையை ஒட்டியே வைத்தால் குழி தோண்டும்போது ஓரம் பிய்ந்து வந்துவிடும். 8 அங்குலத்தில் கொஞ்சம் சின்னது. மூன்றாவது, இருப்பதிலேயே சின்னது, கீறல் முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால். கண்ணுக்கு அங்கே கீறல் சரியாகத் தெரியாததால் அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கீறல் அடுத்து ஓடப்போவது அங்கிருந்துதான். என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் முக்கியம். அழகுக்காக நல்ல மரத்தில் நான்காவதும் ஐந்தாவதும் பதிக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. வேலை இருக்கிற இடத்தில் மட்டும் துண்டு இருந்தால்தான் பார்க்கிறவர் கண்ணும் அங்கே நிற்கும்.

மரம்: செங்கால் என்கிற நம் ஊர்க் கெட்டி மரத்தைத் தேடுங்கள். பழைய கடைவீடுகளை இடிக்கும்போது வரும் உத்தரக் கட்டைகள் சிதறலாகக் கிடைக்கும். பல வருடம் கூரைக்கடியில் இருந்து வைரம் பாய்ந்தவை, இனி அசையாது. துண்டுக்கு அதுதான் வேண்டும். ஆணி உள்ளே இருக்கும், காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். புதிதாக அறுத்த முகம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிந்தால் ஏமாற வேண்டாம், காற்றும் வெளிச்சமும் பட்டு நல்ல பழுப்பாகிவிடும். மெர்பாவும் கெட்டி மரம்தான், ஆனால் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும், இரும்பு பட்டால் கறுத்துப் போகும். தினமும் துடைக்கிற சாப்பாட்டு மேசைக்கு நான் போடமாட்டேன்.

இனி அப்பாவின் கை. துண்டை முதலில் வெட்டி முடித்து, அதை வைத்துத்தான் குழியைக் குறிக்க வேண்டும். குழியைத் தோண்டிவிட்டுத் துண்டைச் சீவிப் பொருத்தப் போனால் ஒருநாளும் இறுகாது. துண்டின் அடிமுகம் மேல்முகத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி பக்கங்களை லேசாகச் சரித்து இழையுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் சின்னத் துண்டு எடுத்து, பலகைமேல் அசையாமல் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு சுற்றிலும் கூர்க் கத்தியால் கோடு. பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு, அந்தக் கனம் கடைசியில் இடைவெளியாக நிற்கும். கத்தி முதல் தடவை மெல்லத் தொட்டுப் போகட்டும், இரண்டாம் தடவை அழுத்தட்டும். கோட்டுக்குள் உளி முனை தானாகவே போய் உட்காரும், நகத்தால் தடவினால் படி தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் குழிக்கும் ஒரே எண் போட்டு, எந்தப் பக்கம் எங்கே என்று அம்புக்குறியும் போடுங்கள். கையால் செய்த துண்டுகள் ஒன்றுபோல் இருக்காது, இடம் மாறினால் உட்காராது.

ராவுட்டர், அதாவது குழி குடையும் மின்கருவி, இருந்தால் நடுப்பகுதியை அதில் எடுத்துவிட்டு, கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் கவலையில்லை, தூங்குமூஞ்சி உளிக்கு இணங்குகிற மரம். நடுவிலிருந்து ஓரத்துக்கு வாருங்கள். கடைசிச் சீவல் கோட்டில் உளியை நிமிர்த்தி வைத்துக் கையாலேயே அழுத்தி எடுப்பது. பொருத்திப் பார்க்கிறேன் என்று துண்டை முழுக்க இறக்கிவிடக் கூடாது, திரும்ப வராது. கால் பங்கு இறங்கி இறுக்கமாக நின்றால் போதும். பிறகு குழியின் சுவரெல்லாம் எப்பாக்சி தடவி, மேலே ஒரு கட்டை வைத்து, கொட்டாப்புளியால் நிதானமாக இறக்குங்கள். செங்காலில் பிசின் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். அடி தொடத் தொடச் சத்தம் மாறும். துண்டு அடியில் போய் உட்கார்ந்ததும் கனமான சத்தம் வரும், அத்தோடு நிறுத்த வேண்டும். பலகைக்கு மேலே 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். எப்பாக்சி இறுகிய மறுநாள் இழைத்துச் சமமாக்கலாம். துண்டின் நார் குறுக்கே ஓடுவதால் இழைப்புளியைத் துண்டின் நார் திசையில் பிடியுங்கள், தூரத்து ஓரம் பிய்யாமல் இருக்க வெளியிலிருந்து உள்ளே இழையுங்கள்.

வெறும் அழகுக்கா என்று கேட்டீர்களே. பழைய எகிப்தியக் கோயில்களில் கல்லையும் கல்லையும் இணைக்க இதே வடிவத்தில் மரத்துண்டு பதித்திருக்கிறார்கள். அங்கே அது மறைந்திருந்த வேலை. மேசையில் அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்துப் புகழ்பெறச் செய்தவர் ஜார்ஜ் நகாஷிமா, 1905இல் பிறந்து 1990இல் மறைந்த அமெரிக்கத் தச்சர். கட்டடக் கலைஞராக 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடத்தைக் கட்டும் வேலையைப் பார்த்தவர். ஆசிரமத்தில் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாமில் அடைத்தபோது, ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் ஜப்பானில் தொழில் பயின்ற ஒரு தச்சரிடம் கைவேலை கற்றார். அவருடைய மேசைகளில் கீறல் மறைக்கப்படாமல் திறந்தே கிடக்கும், குறுக்கே துண்டு நிற்கும். என் பட்டறைச் சுவரில் அப்படி ஒரு மேசையின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். கீறலோடு வந்த பலகையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களிடம் அதைத்தான் காட்டுவேன்.

செந்தூல் தம்பி சொன்ன சோறு, ரசம் விஷயம் நியாயமானது. நிரப்புவதானால் மரம் அடங்கி, துண்டு பதித்த பிறகு நிரப்புங்கள். இப்போதே ஊற்றினால் மரம் இன்னும் சுருங்கும்போது எப்பாக்சி ஒரு பக்கம் விட்டுக்கொண்டு, மெல்லிய கோடாகப் பிளந்து நிற்கும். கிளாம்ப் போட்டு நெருக்கி மூடவும் வேண்டாம். அந்த இறுக்கம் மரத்துக்குள்ளேயே இருந்து இன்னொரு இடத்தில் வெடிக்கும்.

செந்தூல் பட்டறை:

அண்ணே, காயவைத்த பிறகு ஊற்றுவதில் எனக்கும் மாறுபாடில்லை. எங்களிடம் வருகிறவர்களுக்குக் காத்திருக்க மனம் வருவதில்லை, அதனால் சூளையில் காயவைத்த பலகையாகவே வாங்கிக்கொள்கிறோம். தங்கச்சிக்கு இன்னொன்று: கீறலின் உள்நுனியில் எப்பாக்சி இறங்காத மயிரிழைப் பகுதிக்கு, தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூவை ஒரு சொட்டு விட்டால் அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். அதையும் காய்ந்த பிறகே செய்யுங்கள்.

பாயான் பாரு வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. வெட்டு முகத்தில் மெழுகு பூசிவிட்டோம், பலகை இப்போது பின்னறையில் படுத்திருக்கிறது. அடியில் தூள் எதுவும் இல்லை. அப்பா கத்திக் கோடு பற்றிப் படித்துவிட்டு, "இவர் நம்ம ஆளு" என்றார். செங்கால் கட்டைக்கு ஜார்ஜ்டவுனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகம். மரம் அடங்கிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்க வேண்டுமா? இன்னொன்று, இரும்புச் சட்டத்தில் திருகாணிக்கு வட்டத் துளைகள் இருக்கின்றன. அப்படியே இறுக்கிவிடலாமா?

பாலிக் பூலாவ் அக்கா:

மீட்டர் சொல்வது பெரும்பாலும் மேல்தோலின் ஈரத்தை, அதுவும் ஊசி குத்துகிற ஆழத்துக்குத்தான். 2 அங்குலக் கனத்தின் நடுவில் என்ன இருக்கிறது என்று சின்ன மீட்டர் சொல்லாது. என் வீட்டுக்காரர் நாற்காலி, முக்காலி செய்கிறவர். அவர் செய்வதைச் சொல்கிறேன். குளியலறையில் எடை பார்க்கும் தராசு இருக்கிறதல்லவா? பலகையின் ஒரு முனையைத் தராசின்மேல், மறுமுனையை அதே உயரமுள்ள ஒரு கட்டைமேல் வையுங்கள். இரண்டும் தொடும் இடத்தைப் பலகையின் அடியில் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அதே இடம். வாரம் ஒருமுறை எண்ணைப் பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். ஈரம் போகப் போக எண் இறங்கிக்கொண்டே வரும். ஹாலில் வைத்து எடுத்த எண் சில வாரம் தொடர்ந்து நகராமல் நின்றால் பலகை உங்கள் வீட்டுக் காற்றோடு பழகிவிட்டது என்று அர்த்தம்.

கீறலின் நுனியில் பென்சிலால் தேதி போட்டுச் சின்னக் கோடு கிழித்தும் வையுங்கள். கோட்டைத் தாண்டி ஓடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

பட்டர்வொர்த் தச்சன்:

அக்கா சொன்ன தராசு வழி மிகச் சரி. நானும் மீட்டரைவிட எடையைத்தான் நம்புவேன்.

சட்டத்தின் துளைக்கு வருகிறேன். வட்டத் துளையில் இறுக்கவே கூடாது. மேசைப் பலகை வருடம் முழுக்க அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும். தைப்பூசத்தை ஒட்டி வெயில் காய்கிற நாட்களில் ஒடுங்கும், செப்டம்பர், அக்டோபர் மழையில் விரியும், ஜன்னலைத் திறந்து வைத்தாலே கொஞ்சம் அசையும். இரும்பு அதற்கு இடம் கொடுக்காது. இரண்டு பக்கமும் திருகாணி பிடித்துக்கொண்டால், அப்பா பார்த்துப் பார்த்துப் பதித்த துண்டுகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கீறல் வரும். சட்டத்தை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு துளையையும் பலகையின் அகலவாக்கில் நீட்டச் சொல்லுங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் நகர இடம் இருந்தால் தாராளம். திருகாணித் தலைக்கடியில் அகலமான வாஷர் போட்டு, அசையும் அளவுக்கு இறுக்கினால் போதும். பலகையின் நடுக்கோட்டில் வரும் திருகாணியை மட்டும் வட்டத் துளையிலேயே விடலாம். அங்கிருந்து இரு பக்கமும் சமமாக அசையட்டும்.

பூச்சு எதுவானாலும் மேலும் கீழும் ஒரே அளவு பூசுங்கள். மேல்முகத்துக்கு மூன்று கை பூசி, அடியை வெறுமனே விட்டால் அடி வழியாக மட்டும் ஈரம் போய்வந்து பலகை கிண்ணமாக வளையும். வெட்டு முகத்தில் இப்போது பூசிய மெழுகை அப்போது சுரண்டி எடுத்துவிட்டு, அங்கேயும் ஒரு கை கூடுதலாக.

செங்கால் கிடைத்ததும் அறுத்த முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். நார் எப்படி ஓடுகிறது என்று பார்த்து, துண்டை எந்தப் பக்கமாக வெட்டுவது என்று அப்பாவுக்குச் சொல்கிறேன்.